பெரிய மாடல் ராக்கெட் கட்டுவது: பெட்டி திறப்பதிலிருந்து கடைசிப் பூச்சு வரை

பெரிய ராக்கெட் கிட் வாங்கி வந்த அன்றே பசை டப்பாவைத் திறக்கிறவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறார்கள். என் முதல் பெரிய ராக்கெட்டை நானும் அப்படித்தான் கெடுத்தேன். அதற்கு முன் ஏழெட்டுச் சின்ன ராக்கெட் கட்டியிருந்த தைரியம். சின்னதை ஒரே மாலையில் ஒட்டி, மறுநாள் பெயின்ட் அடித்து, அதற்கு மறுநாள் பறக்கவிடலாம். துடுப்பு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது பாட்டுக்குப் போகும். பெரியதிடம் அது நடக்காது.

அதற்காகப் பெரியது கட்டக் கூடுதல் கைத்திறன் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வேண்டியது வரிசை. எதை மூடுவதற்கு முன் எதைக் கட்ட வேண்டும், எது காய்ந்த பிறகு எதைத் தொடலாம், எந்த இடத்தில் பெயின்ட் படக்கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் தடவையே நன்றாக வரும். தெரியாவிட்டால், விரல் எட்டாத ஆழத்தில் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு பெரியது, எந்த மோட்டார்

நான் பெரியது என்று சொல்வது 65 முதல் 100 மி.மீ. வரை விட்டமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமும் உள்ளதை. சாட்டர்ன் 5 ராக்கெட்டை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடலை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் 110.6 மீட்டர், மாடல் 1.1 மீட்டர். இந்த அளவுக்கு 18 மி.மீ. மோட்டார் போதாது. 24 அல்லது 29 மி.மீ. விட்டமுள்ள மோட்டார் போடுவார்கள்.

மோட்டாரின் மேல் டி12-5 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். எழுத்து, மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு) எந்த வரம்புக்குள் என்பதைச் சொல்கிறது. ஒவ்வோர் எழுத்து ஏறும்போதும் வரம்பு இரட்டிப்பாகும்: சி என்றால் 10 நியூட்டன்-வினாடி வரை, டி 20 வரை, ஈ 40, எஃப் 80, ஜி 160. அடுத்து வரும் 12, சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பது. கோட்டுக்குப் பின்னால் உள்ள 5, எரிபொருள் தீர்ந்த பிறகு பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிப்பு எத்தனை வினாடி கழித்து நடக்கும் என்பது.

உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 12 நியூட்டனை ஐந்தால் வகுத்தால் 2.4 நியூட்டன், அதாவது சுமார் 245 கிராம். மோட்டாரும் பாராசூட்டும் சேர்த்து, கிளம்பும்போது உள்ள எடை இது. கிட் தயாரிப்பாளர் தரும் மோட்டார் பட்டியல் சில சமயம் இதைவிடத் தாராளமாக இருக்கும். மோட்டார் பற்றிக்கொண்ட முதல் கணத்தில் எழும் உந்துவிசை சராசரியைவிட அதிகம் என்பதால் அது தப்பில்லை. ஆனால் பட்டியலில் உள்ள எடை, அளவோடு பசை போட்டு மெல்லிசாகப் பெயின்ட் அடித்த ராக்கெட்டுக்கு. முதல் முறை கட்டுகிறவரின் கை எப்போதும் கொஞ்சம் கனம்.

இந்த மோட்டார்களைத் தொழிற்சாலையில் செய்ததாக மட்டுமே வாங்குங்கள், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கே அதற்காகத்தான் பிறந்தது. 1950களில் அமெரிக்காவில் இளைஞர்கள் தாங்களே ராக்கெட் மோட்டார் செய்து விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுதிய ஜி. ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளருக்கு, ஆர்வில் கார்லைல் என்ற செருப்புக் கடைக்காரர் தான் வடிவமைத்த, மாற்றிப் போடும் மோட்டார் கொண்ட மாடலை அனுப்பினார். 1957இல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. மோட்டார் வாங்க, வைத்திருக்க, பறக்கவிட உங்கள் நாட்டில் என்ன சட்டம், என்ன அனுமதி என்பதைக் கிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன்

பெட்டியில் உள்ளதையெல்லாம் பரப்பி, பாகப் பட்டியலோடு சரிபாருங்கள். பிறகு செய்முறைத் தாளை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை படியுங்கள். கதை படிப்பதுபோல் படித்தால் போதும். பன்னிரண்டாவது படியில் வரும் ஒரு முடிச்சை மூன்றாவது படியிலேயே போட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

அடுத்து, பசை இல்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். வளையம் குழாய்க்குள் இறுக்கமாக இருந்தால் விளிம்பை உப்புத்தாளில் இரண்டு தேய் தேயுங்கள். தளர்வாக இருந்தால் காகித நாடா ஒரு சுற்று. பசையோடு அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். காகிதக் குழாய் நசுங்கினால் பழைய வட்டத்துக்குத் திரும்பாது.

தேவையான சாமான் அதிகமில்லை. புது பிளேடு போட்ட கத்தி, எஃகு அளவுகோல், 120, 220, 400 எண் உப்புத்தாள், மட்டமான மரக்கட்டை ஒன்று (உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பதற்கு), மாஸ்கிங் டேப், மஞ்சள் நிற மரப்பசை, 30 நிமிட எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து போடும் பசை), சமையலறைத் தராசு போல ஒரு கிராம் வரை காட்டும் தராசு. ஐந்து நிமிட எபாக்சியும் சூப்பர் குளூவும் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் எந்த மூட்டையும் அவற்றை மட்டும் நம்பி விடாதீர்கள். எபாக்சிக்குக் கையுறை போடுங்கள், தூள் பறக்கத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

குழாய்க்கு முதல் பட்டி

பெரும்பாலானவர்கள் துடுப்பு ஒட்டிய பிறகுதான் குழாயின் சுழல் கோடுகளைப் பார்க்கிறார்கள். காகித நாடாவைச் சுருள் சுருளாகச் சுற்றிச் செய்த குழாய் என்பதால் மேலிருந்து கீழ்வரை ஒரு வரிப்பள்ளம் ஓடும். சின்ன ராக்கெட்டில் கண்டுகொள்ளத் தேவையில்லை. 100 மி.மீ. குழாயில் பளபளப்பான பெயின்ட் அடித்தால் அந்த ஒரு கோடுதான் தெரியும்.

துடுப்பு ஒட்டும் முன், குழாய் வெறும் உருளையாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். மரப் பட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தயிர் பதத்துக்குக் குழைத்து, பள்ளத்தின் மேல் மட்டும் இழுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 220 தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளேயே விரல் இறங்கி, பட்டியைத் திரும்ப எடுத்துவிடும். குழாயின் பளபளப்பான மேல்தோல் கிழிந்து பஞ்சு போல் எழும்பினால் கவலை வேண்டாம், அந்த இடத்தில் ஒரு துளி சூப்பர் குளூவைத் தடவி, கெட்டியானதும் தேய்த்தால் அடங்கிவிடும்.

பிறகு கோடு போடுங்கள். துடுப்புகளின் இடத்தைக் குறிக்கக் கிட்டிலேயே ஒரு காகிதப் பட்டை இருக்கும். இல்லையென்றால் காகிதத்தைக் குழாயைச் சுற்றி, நுனிகள் சந்திக்கும் இடத்தைக் குறித்து, அந்த நீளத்தை மூன்றாகவோ நான்காகவோ பிரித்துக்கொள்ளலாம். நீளவாக்கில் நேர்கோடு போட எனக்குத் தெரிந்த எளிய வழி கதவு நிலை. நிலையின் உள்மூலையில் குழாயைப் பதித்தால் விளிம்பு தானாக அளவுகோலாகிவிடும். எல் வடிவ அலுமினியச் சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு துடுப்புகளுக்கு நடுவே ஏவுகம்பியில் மாட்டும் சின்னக் குழாயான லாஞ்ச் லக்குக்கும் ஒரு கோடு போட மறக்காதீர்கள்.

மோட்டார் மவுண்ட்

உந்துவிசை முழுவதையும் தாங்கப்போவது இந்த ஒரு பாகம். மோட்டார் செருகும் சின்னக் குழாய், அதைப் பெரிய குழாயின் நடுவில் நிறுத்தும் வளையங்கள், மோட்டார் மேலே ஏறிவிடாமல் தடுக்கும் கட்டை வளையம், கீழே விழாமல் பிடிக்கும் உலோகக் கொக்கி. இவ்வளவுதான். கொக்கி எந்தத் துடுப்பின் வழியிலும் வராதபடி இரண்டு துடுப்புக் கோடுகளுக்கு நடுவில் இருக்கட்டும்.

இங்கே இரண்டு விஷயங்களில் வரிசை தப்பக்கூடாது.

முதலாவது ஷாக் கார்டு. மூக்குக் கூம்பையும் உடலையும் சேர்த்து வைத்திருக்கும் கயிறு இது. சின்னக் கிட்களில் காகிதத்தை மடித்து உள்சுவரில் ஒட்டி அதில் கட்டச் சொல்வார்கள். பெரியதில் அதை நம்ப மாட்டேன். கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழைக் கயிற்றை மோட்டார் குழாயைச் சுற்றிக் கட்டி, முன் வளையத்தில் சின்னத் துளை போட்டு மேலே எடுத்துவிடுங்கள். முடிச்சின் மேல் ஒரு பொட்டு எபாக்சி. கெவ்லார் சூடு தாங்கும். ஆனால் அதன் நுனி உடல் குழாயின் வாயைத் தாண்டி வெளியே வரக்கூடாது. வேகமாகப் போகும்போது பாராசூட் விரிந்தால், மெல்லிய கயிறு குழாயின் விளிம்பைக் கத்திபோல் கிழித்துக்கொண்டு இறங்கும். குழாய்க்குள்ளேயே கெவ்லாரை முடித்து, அங்கிருந்து அகலமான எலாஸ்டிக் நாடாவைக் கட்டுங்கள். மொத்த நீளம் ராக்கெட்டைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். கிட்டில் வரும் நாடா பெரும்பாலும் குட்டை. நாடா குட்டையாக இருந்தால் வெளியே பறந்த மூக்கு அதே வேகத்தில் திரும்பி வந்து உடலையே இடிக்கும்.

இரண்டாவது, பின் வளையம். துடுப்பின் அடியில் ஒரு நாக்கு நீண்டு, குழாயில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொடும் வகைக் கிட்டாக இருந்தால், பின் வளையத்தை இப்போது ஒட்டவே வேண்டாம். இடம் சரியாக நிற்பதற்காக மட்டும் செருகி வையுங்கள். துடுப்புகள் ஒட்டி முடிந்ததும் அதை உருவிவிட்டால், பின்பக்கமாக உள்ளே பார்க்கலாம். துடுப்பு நாக்கும் மோட்டார் குழாயும் சேரும் மூலைகளில் பசை விட்டு, காய்ந்த பிறகு வளையத்தால் மூடலாம். இந்த உள்மூட்டுகள் கிடைத்துவிட்டால் வெளியே பசை கொட்டத் தேவையே இல்லை.

மவுண்ட்டை உடல் குழாய்க்குள் ஏற்றும்போது மரப்பசையைப் பயன்படுத்தாதீர்கள். காகிதத்தின் மேல் காகிதம் இறுக்கமாக வழுக்கிப் போகும் இடத்தில் மரப்பசையின் ஈரத்தைக் காகிதம் சட்டென்று உறிஞ்சிவிடும், பாதி வழியில் அப்படியே பிடித்துக்கொள்ளும். என் முதல் ராக்கெட் போனது இப்படித்தான். சரியான இடத்துக்கு நான்கு சென்டிமீட்டர் இருக்கும்போது நின்றது. தள்ளினேன், இழுத்தேன், கடைசியில் குழாய்தான் நசுங்கியது. 30 நிமிட எபாக்சி வழுக்கிக்கொண்டே போகும், திருப்பிச் சரிசெய்யவும் நேரம் தரும். வளையம் வந்து நிற்கும் ஆழத்தில் குழாயின் உட்சுவரில் குச்சியால் பசையை வளையமாகத் தடவுங்கள், குழாயின் வாயில் தடவாதீர்கள். பிறகு நிறுத்தாமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள்.

துடுப்புகள்

கிட்டில் லேசரால் வெட்டிய பால்சா (மிக லேசான மரம்) அல்லது பிளைவுட் துடுப்புகள் இருக்கும். பால்சாவாக இருந்தால் மரத்தின் நார் முன்விளிம்புக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். நார் குழாய்க்கு இணையாக ஓடினால் முதல் தரையிறங்கலிலேயே ஒடியும். எல்லாத் துடுப்புகளையும் அடுக்கி, விளிம்புகளை ஒன்றாகத் தேய்த்து ஒரே அளவாக்குங்கள். முன்விளிம்பை அரைவட்டமாக உருட்டி, பின்விளிம்பைச் சன்னமாக்கலாம். குழாயோடு ஒட்டும் அடிவிளிம்பை மட்டும் தொடவே கூடாது, அது சதுரமாகவே இருக்க வேண்டும்.

பால்சாவின் நரம்புகளை மறைக்க வழக்கமான வழி பட்டி தடவித் தேய்ப்பது. இரண்டு மூன்று முறை செய்தால் சரியாகிவிடும். பெரிய துடுப்புக்கு நான் காகிதம் ஒட்டுவதையே சொல்வேன். சாதாரண அச்சுத்தாளை எடுத்து, துடுப்பின் இரண்டு பக்கமும் மெல்லிசாக மரப்பசை தடவி, முன்விளிம்பைச் சுற்றி ஒரே துண்டாக மடித்து ஒட்டி, பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான பொருளை மேலே ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அப்பளம் போல் வளைந்துவிடும். காகிதம் ஒட்டிய துடுப்பு நரம்பு தெரியாமல் வழவழவென்று இருக்கும், வலுவும் கூடும். அடிவிளிம்பை மட்டும் காகிதம் மூடாமல் வெறும் மரமாக விடுங்கள்.

எல்லா மர வேலையும் முடிந்த பிறகுதான் துடுப்பு குழாயைத் தொட வேண்டும். ஒட்டிய பிறகு அந்த மூலையில் உப்புத்தாளைத் திருப்பித் தேய்ப்பது பெரிய இம்சை.

ஒட்டுவதில் ஒரு பழைய உத்தி: அடிவிளிம்பில் மரப்பசை தடவி, கோட்டின் மேல் ஒருமுறை அழுத்தி எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் பசை கொஞ்சம் இழுவைப் பதத்துக்கு வரட்டும். இன்னொரு மெல்லிய கோடு பசை போட்டுத் திரும்ப வையுங்கள். அரை நிமிடத்தில் கையை விட்டாலும் நிற்கும். பின்பக்கமிருந்து குழாயின் வட்டத்தைப் பார்த்து, துடுப்பு மையத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கெட்டி அட்டையில் குழாயின் வட்டத்தையும் துடுப்புகளின் பிளவையும் வெட்டி ஒரு சட்டம் செய்து மாட்டினால் கண்ணை நம்பத் தேவையில்லை.

அடுத்து மூலைப்பூச்சு. துடுப்பும் குழாயும் சேரும் இடத்தில் பசையை உள்வளைவாக ஓட்டுவது. வலுவுக்கும் அழகுக்கும் இதுதான் காரணம். குழாயைப் படுக்கவைத்து, இரண்டு துடுப்புகள் வி எழுத்துபோல் மேலே நிற்கும்படி வைத்து, அந்த இரண்டு மூலைகளை மட்டும் முடியுங்கள். பசை இறுகும்வரை திருப்பாதீர்கள். பிறகு அடுத்த இரண்டு. மரப்பசை காயும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும், குமிழும் வரும். எபாக்சி சுருங்காது, ஆனால் கனம். நான் மரப்பசையில் இரண்டு மெல்லிய பூச்சு ஓட்டி, கடைசி வளைவை மட்டும் லேசான பட்டியில் முடிப்பேன். கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, ஈரவிரலால் ஒரே இழுப்பு இழுத்து, காயும் முன் டேப்பை உரித்துவிட்டால் விளிம்பு சீராக இருக்கும்.

லாஞ்ச் லக் என்கிற சின்னக் குழாயை, ஏவுகம்பியில் ராக்கெட் வழுக்கிச் செல்வதற்காக ஒட்டுகிறோம். ராக்கெட்டின் எடை கூடக் கூடக் கம்பியும் தடிமனாக வேண்டும். பெரிய கிட்டுக்கு 4.8 அல்லது 6.4 மி.மீ. கம்பி. லக்கை இரண்டு துண்டாக்கி மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் ஒட்டுங்கள். ஒட்டும்போது கம்பியையே உள்ளே விட்டு வைத்தால் கோணாது. பெயின்ட்டின் மேல் எதையும் ஒட்டக்கூடாது, பெயின்ட்டோடு உரிந்து வந்துவிடும். எனவே லக் உட்பட எல்லாம் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மூக்கும் எடையும்

பிளாஸ்டிக் மூக்குக் கூம்பில் அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு தையல் கோடு இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டி, 220, பிறகு 400 தாளில் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடையுங்கள். அச்சில் பூசிய எண்ணெய்ப்பசை போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் உடல் கூடவே வர வேண்டும், லேசாக உதறினால் கழன்றுவிட வேண்டும். அந்த இறுக்கம்தான் சரி. பெயின்ட் அடித்த பிறகு இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இனி தராசு. ராக்கெட் நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) முன்னால், குறைந்தது உடலின் ஒரு விட்ட அளவு தள்ளி இருக்க வேண்டும். காற்றழுத்த மையத்தைக் கணக்கிட ஜேம்ஸ் பாரோமேன் 1966இல் தந்த சமன்பாடுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் அளவுகளைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும். ஈர்ப்பு மையத்தை மட்டும் மென்பொருளிடம் கேட்காதீர்கள். மோட்டாரைச் செருகி, பாராசூட்டை உள்ளே மடித்து வைத்து, ராக்கெட்டை விரல் மேலோ கயிற்றிலோ கிடையாக நிறுத்திப் பார்த்து நீங்களே குறியுங்கள். உங்கள் பசையின் கனம் மென்பொருளுக்குத் தெரியாது.

துடுப்பு, மவுண்ட், மூலைப்பூச்சு எல்லாமே வாலில்தான் சேர்கின்றன என்பதுதான் சிக்கல். ஈர்ப்பு மையத்துக்கு 35 செ.மீ. பின்னால் 10 கிராம் பசை கூடிவிட்டால், அதைச் சமன்செய்ய 50 செ.மீ. முன்னால் 7 கிராம் வைக்க வேண்டும். ஆக வீணானது 10 கிராம் என்று தோன்றும், உண்மையில் கூடியது 17. வாலில் பெயின்ட் அடிக்கும்போதும் இதே கணக்குதான். எனவே மூக்குக்குள் களிமண் வைப்பதாக இருந்தால், இப்போது ஒரு தோராய அளவை வைத்துப் பாருங்கள், நிரந்தரமாக ஒட்டுவதைப் பெயின்ட் காய்ந்த பிறகு செய்யுங்கள்.

கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்கும் பழைய சோதனை சின்ன ராக்கெட்டுக்கு அருமை. ஒரு மீட்டர் நீளமுள்ளதை நான் சுழற்றுவதில்லை. சுற்றியுள்ளவர்கள் மண்டை முக்கியம்.

பெயின்ட்

பெயின்ட்டின் முக்கால்வாசி வேலை அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மோட்டார் குழாயின் வாய், லக்கின் துளைகள், உடல் குழாயின் மேல்வாய் மூன்றையும் டேப் அல்லது சுருட்டிய காகிதத்தால் அடையுங்கள். தடித்த குச்சியில் காகிதம் சுற்றி மோட்டார் குழாய்க்குள் இறுக்கமாகச் செருகினால் அதுவே கைப்பிடி. ராக்கெட்டைத் தொடாமலே சுழற்றலாம், காய வைக்க நட்டும் வைக்கலாம்.

முதலில் சாம்பல் அல்லது வெள்ளை பிரைமர். 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ராக்கெட்டுக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே முடியுங்கள். முதல் பூச்சு புகைபோல் இருந்தால் போதும், அடி தெரியட்டும். காய்ந்ததும் 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால், மறைந்திருந்த பள்ளமெல்லாம் வேறு நிறத்தில் பல்லைக் காட்டும். அங்கங்கே பட்டி, திரும்பப் பிரைமர், திரும்பத் தேய்ப்பு. தேய்க்கும்போது பெரும்பாலான பிரைமர் தூளாகவே போய்விட வேண்டும். அதில் வருத்தம் வேண்டாம், பள்ளத்தில் தங்கினால் போதும், மேட்டில் தங்குவது எடைதான். காகிதம் தெரியும்வரை தேய்த்துவிட்ட இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய் ஊறிவிடும்.

நிறப்பூச்சுக்கு வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். மஞ்சள், ஆரஞ்சு, ஒளிரும் நிறங்களுக்கு அடியில் வெள்ளை கட்டாயம், இல்லாவிட்டால் அழுக்காகத் தெரியும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அடித்தால் பளபளப்பு பால்போல் மங்கிவிடும், அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். குளிரில் ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் துளி மெல்லிசாக வரும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு பூச்சுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதைக் கேனின் மேல் எழுதியிருப்பதுபோல் அப்படியே செய்யுங்கள். சில பெயின்ட்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தது அடிக்கலாம் அல்லது இரண்டு நாள் கழித்து அடிக்கலாம், நடுவில் அடித்தால் தோல் சுருங்கிவிடும். காய்ந்ததா என்பதற்கு விரலைவிட மூக்கு நம்பகமானது. பெயின்ட் வாசனை அடித்தால் இன்னும் காயவில்லை. பிரைமர், நிறம், கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் வாங்குங்கள். கலப்பதாக இருந்தால் மிச்சமிருக்கும் குழாய்த் துண்டில் அடித்துப் பாருங்கள். மூன்று வாரம் உழைத்த வெள்ளை ராக்கெட்டின் மேல் வேறு வகை கிளியர் கோட் அடித்து, அது என் கண்ணெதிரே முதலைத் தோலாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். தேய்த்து எடுக்க இன்னொரு வாரம் ஆனது.

இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோடு கூர்மையாக வர: மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, பிளேடால் புது விளிம்பு வெட்டி எடுத்து, ராக்கெட்டில் ஒட்டி, நகத்தால் விளிம்பை அழுத்துங்கள். அதன்மேல் முதலில் அடி நிறத்தையே அல்லது கிளியர் கோட்டை ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். டேப்பின் அடியில் கசிவதாக இருந்தால் அது கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். அதற்குப் பிறகு இரண்டாவது நிறம். டேப்பை அதன் முதுகின் மேலேயே மடித்து, மெதுவாக உரியுங்கள்.

நிறம் உங்கள் இஷ்டம், ஆனால் பறந்த பிறகு தேட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பச்சை ராக்கெட் புல்லில் காணாமல் போகும், வெள்ளை ராக்கெட் மேகத்தில். சாட்டர்ன் 5இன் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வெறும் அலங்காரம் இல்லை, ராக்கெட் தன்னைத்தானே எவ்வளவு சுழல்கிறது என்பதைக் கேமராவில் பார்ப்பதற்காக அடித்தவை. உங்கள் மாடலிலும் ஒரு துடுப்பை மட்டும் வேறு நிறமாக்கினால் சுழல்வது நன்றாகத் தெரியும்.

டெக்கால் என்ற படச் சின்னங்களை ஒட்டுவதற்கு மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும், மங்கலான பரப்பில் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீரில் நனைக்கும் வகை என்றால், வைக்கும் இடத்தில் ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீர் தடவி, தாளிலிருந்து நேராக அங்கே வழுக்கிவிட்டு, நகர்த்திச் சரிசெய்து, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். ஒரு நாள் காய்ந்த பிறகு கிளியர் கோட், முதலில் புகைபோல.

பாராசூட், பிறகு ஏவுதல்

தரையிறங்கும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் வாக்கில் இருப்பது நல்லது. 300 கிராம் ராக்கெட்டுக்கு அதற்குச் சுமார் 58 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பாராசூட் வேண்டும். எடை இரண்டு மடங்கானால் விட்டம் இரண்டு மடங்காக வேண்டியதில்லை, 1.4 மடங்கு போதும். பெரிய குழாய்க்குத் தீப்பிடிக்காத பஞ்சுத்தாள் நிறைய வேண்டும், குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குத் தளர்வாக நிரப்புங்கள். அல்லது நோமெக்ஸ் என்ற தீப்பிடிக்காத துணியின் சதுரத் துண்டை ஷாக் கார்டில் கோத்து, பாராசூட்டை அதில் சுற்றி வைக்கலாம். பிளாஸ்டிக் பாராசூட்டை முந்தின இரவே மடித்து வைக்காதீர்கள், மடிப்பு படிந்து விரியாமல் போகும்.

முதல் பறத்தலுக்குக் கிட் பட்டியலில் உள்ளவற்றில், ஐந்து மடங்குக் கணக்கில் தேறும் மிகச் சிறிய மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்டரி சங்கம் வகுத்த விதிகள் எங்கும் பொருந்தக்கூடியவை: மின்சாரத்தால் மட்டுமே பற்றவைப்பது, டி வரை 15 அடி தள்ளியும் அதற்கு மேல் 30 அடி தள்ளியும் நிற்பது, காற்று மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் இருந்தால் ஏவாமல் விடுவது, செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்காமல் இருப்பது. பற்றாமல் போனால் ஏவும் கருவியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். ஏவுமேடையைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக்கூடாது.

இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது ஷாக் கார்டு. எலாஸ்டிக்கில் கருகல் இருந்தால் மாற்றுங்கள். துடுப்பின் மூலைப்பூச்சில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று நகத்தால் ஓட்டிப் பாருங்கள், தெரிந்தால் மெல்லிய சூப்பர் குளூ ஒரு துளி உள்ளே இழுத்துக்கொள்ளும். வெடிமருந்தின் கரியை அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பெயின்ட்டில் கறை ஏறாது. வீட்டில் வைக்கும்போது பாராசூட்டை விரித்துத் தனியாகத் தொங்கவிடுங்கள், மூக்கைத் தளர்வாக மாட்டி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பால்சா துடுப்பு ஒரே மதியத்தில் வளைந்துவிடும்.